பழைய பாய்ப்படகில் பழுதா? அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழி

என் படகு 1978 இல் இங்கிலாந்தில் கட்டப்பட்டது. 33 அடி நீளம், ஃபைபர்கிளாஸ் உடம்பு, வார்ப்பிரும்புக் கீல் (உடம்பின் அடியில் போல்ட் போட்டு மாட்டிய கனமான பாகம்), ஜப்பானில் செய்த இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். பல கடல்களைக் கடந்து வந்து, கடைசியில் மலேசியாவின் லங்காவித் தீவில் ஒரு படகு முற்றத்தில் தார்ப்பாய்க்குள் ஆறு வருடம் கிடந்தது. நான் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. இப்படி விட்டுவிட்டுப் போன படகுகள் இந்தத் தீவில் நிறைய. அவற்றை ஆசையோடு வாங்குகிறவர்கள் முதல் வருடத்தில் என்னிடம் வந்து கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன்.

பழைய படகில் பெரும்பாலான பழுதுக்குத் தண்ணீர்தான் காரணம். இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும், அல்லது ஓட வேண்டிய இடத்தில் ஓடாது. பில்ஜில் (படகின் அடிக்குழியில்), டீசலில், டெக்குக்குள், வயர் முனையில், பாய்மரத்தைத் தாங்கும் கம்பியின் அடிப்பிடியில் என்று எங்கு வேண்டுமானாலும் அது போய் உட்காரும். எங்கிருந்து வந்தது என்று தெரியும் வரை பணத்தை எடுக்காதீர்கள். ஒரு டார்ச், மல்டிமீட்டர், டிஷ்யூ பேப்பர், முகப் பவுடர், சிறிய கைக்கண்ணாடி, பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர். கீழே சொல்லும் சோதனைகளில் முக்கால்வாசியை இவற்றை வைத்தே செய்துவிடலாம்.

## அறிகுறி 1: பில்ஜில் தண்ணீர் சேருகிறது

### வேகமாக ஏறுகிறதா?

அப்படியானால் காரணம் தேடாதீர்கள், ஓட்டையைத் தேடுங்கள். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 38 மில்லிமீட்டர் ஹோஸ் ஒன்று கழன்றால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். சாதாரண பில்ஜ் பம்ப் அதற்கு ஈடு கொடுக்காது. சீகாக், அதாவது உடம்பில் கடல் நீர் வந்துபோகும் துளைகளில் இருக்கும் வால்வு, எல்லாவற்றையும் மூடுங்கள். மூடாத வால்வில் கூம்பு வடிவ மரத்தக்கையைச் செருகி அடியுங்கள். அந்தத் தக்கை ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் கயிற்றில் கட்டித் தொங்க வேண்டும். லாக்கரின் அடியில் இருக்கிற தக்கை அந்த நேரத்தில் கைக்கு வராது.

### மெதுவாக, தினம் கொஞ்சம் சேருகிறதா?

முதலில் அது உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா என்று தெரிய வேண்டும். நான் படகு வாங்கிய புதிதில், ஸ்டெர்ன் என்கிற பின்பக்கம்தான் ஒழுகுகிறது என்று நானாக முடிவு செய்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட் உடம்பைத் துளைக்கும் இடத்தை அடைக்கும் ஸ்டஃபிங் பாக்ஸைக் கழற்ற உட்கார்ந்தேன். முற்றத்தில் எஞ்சின் வேலை பார்க்கும் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, தண்ணிய நக்கிப் பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன், கரித்தது. "அப்ப கடல் தண்ணிதானே அண்ணே?" என்றேன். "நாப்பது வருஷம் உப்பு ஊறின பில்ஜ் அது. மழைத் தண்ணி விழுந்தாக்கூட கரிக்கும். கழுவித் தொடச்சிட்டு நாளைக்கு மறுபடி பாரு."

அப்படியே செய்தேன். இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஸ்பாஞ்சால் ஒற்றி, துணியால் துடைத்துக் காய வைத்தேன். மறுநாள் சேர்ந்திருந்த ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பே இல்லை. குடிநீர்த் தொட்டியிலிருந்து வரும் ஹோஸில் ஒரு கிளிப் தளர்ந்திருந்தது. ஒரு திருப்பு திருப்பினேன், நின்றுவிட்டது.

எண்ணெயோ கழிவறை நாற்றமோ இருந்தால் வாயில் வைக்காதீர்கள். ஒரு பழைய கரண்டியில் எடுத்து அடுப்பில் காய்ச்சுங்கள். வற்றிய பிறகு வெள்ளையாகப் படிந்தால் கடல் நீர்.

### நல்ல தண்ணீர் என்றால்

முதலில் தொட்டியும் அதன் ஹோஸும். கேசரி பவுடர் ஒரு சிட்டிகை தொட்டியில் கரைத்து விடுங்கள். பில்ஜில் நிறம் தெரிந்தால் வேலை முடிந்தது. ஒரு நாள் முழுக்க யாரும் இல்லாதபோது தண்ணீர்ப் பம்ப் தானாக அவ்வப்போது ஓடினாலும் அழுத்தம் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். அடுத்தது குளிர்பெட்டியின் வடிகால். அதற்கு அடுத்தது மழை. பாய்மரம் டெக்கைத் துளைத்துக் கீல் மீது நிற்கும் வகைப் படகில், மரத்துக்குள் கயிறு போகும் வாய்கள் வழியாக மழைநீர் இறங்கத்தான் செய்யும். லங்காவியில் செப்டம்பர், அக்டோபர் மழைக்கு இரண்டு நாளில் ஒரு வாளி சேர்ந்தால் பயப்பட வேண்டியதில்லை. டெக் வழியாக வருவது தனிக் கதை. அறிகுறி 4 ஐப் பாருங்கள்.

### உப்புத் தண்ணீர் என்றால்

எப்போது வருகிறது என்று கவனியுங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

எஞ்சின் ஓடும்போது மட்டும்: கடல்நீர்ப் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளையிலிருந்து சொட்டினால் அதன் சீல் போயிருக்கிறது. ஷாஃப்ட் சுழலும் இடத்தில் இருக்கும் ஸ்டஃபிங் பாக்ஸையும் பாருங்கள். ஷாஃப்டைச் சுற்றிக் கிளாண்ட் கயிறு வைத்து அடைத்த பழைய வகையில், ஷாஃப்ட் சுழலும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும். அதுதான் அதைக் குளிர்விக்கிறது. அதற்கு மேல் விழுந்தால் பூட்டு நட்டைத் தளர்த்தி, பெரிய நட்டைக் கால் திருப்புக்கும் குறைவாக முடுக்கி, மறுபடி பூட்டுங்கள். பத்து நிமிடம் கியரில் ஓட்டி நிறுத்திய பின் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் அதிகமாக முடுக்கிவிட்டீர்கள், ஷாஃப்டில் பள்ளம் விழும். முடுக்கியும் நிற்கவில்லையென்றால் உள்ளே கயிறு இறுகிக் கட்டையாகியிருக்கிறது. கரையேற்றிய பிறகு பழையதை ஒரு துண்டு கூட விடாமல் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மூன்று வளையம், ஒவ்வொன்றின் வெட்டும் அடுத்ததன் வெட்டுக்கு நேராக வராதபடி.

பாய் விரித்துச் சாய்ந்து ஓடும்போது மட்டும்: எப்போதும் நீருக்கு மேலே இருக்கும் வாய்களில் ஒன்று சாயும்போது நீருக்குள் போகிறது. பில்ஜ் பம்பின் வெளிவாய், சிங்க் தொட்டியின் வடிகால், நங்கூரச் சங்கிலிப் பெட்டி. பம்பின் ஹோஸ் வெளிவாய்க்குப் போகும் முன் உயரமாக ஒரு வளைவு எடுக்க வேண்டும். அந்த வளைவு இல்லையென்றால் கடல் நீரே அந்த ஹோஸ் வழியாக உள்ளே வரும்.

யாரும் தொடாதபோதும் வருகிறது: பில்ஜைக் காய வைத்து, தரையெங்கும் முகப் பவுடரை மெல்லத் தூவுங்கள். ஒவ்வொரு சீகாக்கின் அடியிலும், ஒவ்வொரு கீல் போல்ட்டைச் சுற்றியும் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பவுடரில் தண்ணீர் போட்ட கோடு தெரியும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே போங்கள்.

சீகாக்கில் ஈரம் என்றால், கத்தி முனையால் உலோகத்தை இலேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பளிச்சென்று மஞ்சளாகத் தெரிந்தால் நல்லது. செம்பு போல இளஞ்சிவப்பாக இருந்தால் அது வெண்கலம் அல்ல, பித்தளை. அதிலிருந்த துத்தநாகம் கரைந்துபோய் வெறும் கூடு நிற்கிறது, ஒரு இழுப்பில் ஒடியும். படகு தண்ணீரில் இருக்கும்போது அதை அசைக்கவே அசைக்காதீர்கள். வீட்டுக் குழாய்க்குப் போடும் சக்கரப் பிடி வால்வு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். அது மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவே முடியாது.

கழிவறைக் கிண்ணத்தில் தண்ணீர் தானாக ஏறினால் சைஃபன், அதாவது கடல் நீர் ஹோஸ் வழியாகத் தானே இழுபட்டு உள்ளே வருகிறது. ஹோஸின் உச்சி வளைவில் இருக்கும் காற்று வால்வில் உப்பு கட்டியிருக்கும். கழற்றி வெந்நீரில் ஊற வைத்துக் கழுவினால் போதும். படகை விட்டு இறங்கும்போது கழிவறை வால்வுகளை மூடிவிட்டு இறங்குங்கள். கட்டிப்போட்ட இடத்திலேயே படகு மூழ்குவதற்கு, அவற்றை மூடாமல் விடுவது ஒரு பெரிய காரணம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: கீல் போல்ட்டைச் சுற்றிய டிஷ்யூ நனைந்து, துருக் கறையும் ஏறியிருந்தால் அன்றோடு உங்கள் வேலை முடிந்தது. கரையேற்றியதும், கீலின் முன்முனை உடம்போடு சேரும் இடத்தில் சிரிக்கிற வாய் போல ஒரு விரிசல் தெரிகிறதா என்று பாருங்கள். அதன்மேல் பூச்சுப் பூசி மறைத்துவிட்டுக் கடலுக்குப் போகாதீர்கள். படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயரை வரவழைத்து, ஒரு போல்ட்டையாவது வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி 2: எஞ்சின் சூடாகிறது

அலாரம் அடித்ததும் எஞ்சினை உடனே நிறுத்தும் முன், பின்பக்கம் ஓடி எக்ஸாஸ்டைப் பாருங்கள். கப்பல் போக்குவரத்துக்கு நடுவே இருந்தால் முதலில் பாயை விரியுங்கள், பிறகு நிறுத்துங்கள். பத்து நொடி பார்த்தால் போதும், பிரிவு தெரிந்துவிடும்.

### தண்ணீர் வரவில்லை, அல்லது குறைவாக வருகிறது, ஆவி பறக்கிறது

வெளியிலிருந்து உள்ளே, தண்ணீர் போகும் வரிசையிலேயே போங்கள்.

சீகாக் திறந்திருக்கிறதா? ஒன்பது வருடத்தில் நான் பார்த்த காரணங்களில் இது அடிக்கடி வருவது. நேற்று நல்ல எண்ணத்தோடு மூடிவிட்டு இன்று மறந்திருப்போம். நான் இப்போது எஞ்சின் சாவியை அந்த வால்வின் பிடியிலேயே மாட்டி வைக்கிறேன்.

அடுத்து, வாய் அடைத்திருக்கிறதா? வால்வை மூடிவிட்டு ஹோஸை அதிலிருந்து கழற்றி, வால்வை மெல்லத் திறந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வர வேண்டும். வரவில்லையென்றால் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கும் அல்லது கொட்டலசு வளர்ந்திருக்கும். இந்த வெதுவெதுப்பான கடலில் ஒரு மாதம் அசையாமல் கிடந்தாலே குழாய்க்குள் சிப்பி கட்டிவிடும். அப்புறம் கடல் நீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர். கூடையைக் கழுவுவது எல்லோருக்கும் தெரியும். மூடியின் ரப்பர் வளையத்தை யாரும் பார்ப்பதில்லை. அது நசுங்கியிருந்தால் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். வாஸ்லின் தடவி மூடுங்கள்.

பம்பைச் சுழற்றும் பெல்ட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இம்பெல்லருக்கு வாருங்கள். பம்பின் மூடியைத் திறந்து ரப்பர் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று ஒடிந்திருந்தாலும் புதியதைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று மூடிவிடாதீர்கள். ஒடிந்த துண்டு எங்கே? அது அடுத்த வளைவில் போய் நிற்கும். அதைக் கையில் எடுக்கும் வரை தேடுங்கள். கிடைக்காமல் விட்டால் இரண்டு வாரத்தில் மறுபடி அலாரம் அடிக்கும், புது இம்பெல்லர் மீது பழி விழும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் குறைவென்றால் எக்ஸாஸ்ட் எல்போ. சூடான புகையும் கடல் நீரும் முதன்முதலில் சந்திக்கும் வார்ப்பிரும்பு முழங்கை அது. உப்பும் கரியும் சேர்ந்து உள்ளே கல்லாக இறுகும். என் எல்போவைக் கழற்றியபோது கட்டைவிரல் தாராளமாக நுழைய வேண்டிய வழியில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. தட்டினால் கரி பலகையாகப் பெயர்ந்து விழுந்தது, அதற்கு அடியில் இரும்பு அப்பளம் போல. எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊற வைத்தால் படிவு கரையும். ஆனால் சுவர் மெலிந்திருந்தால் சுத்தம் செய்ததுமே ஓட்டையாகும். வருடம் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். புதிது ஒன்றைக் கையிருப்பில் வைத்திருப்பதற்கு ஆகும் பணம் வீண் இல்லை.

### தண்ணீர் நன்றாக வருகிறது, ஆனாலும் சூடாகிறது

முதலில் படகின் அடியைப் பாருங்கள், எஞ்சினை அல்ல. புரொப்பெல்லரில் கொட்டலசு மொய்த்திருந்தால் எஞ்சின் மூச்சுத் திணறும். கறுப்புப் புகையும், முழு வேகம் எட்டாததும் அதன் அடையாளம். நீச்சல் கண்ணாடி போட்டு ஒரு முறை மூழ்கிச் சுரண்டினால் தீர்ந்தது. யாரும் எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிடாதபடி சாவியை உங்களிடமே வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

அடி சுத்தமாக இருந்தால் தெர்மோஸ்டாட். கழற்றி ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள். மேலே பொறித்திருக்கும் வெப்பநிலையில் வாய் திறக்க வேண்டும். கடல் நீரே நேராக எஞ்சினுக்குள் ஓடும் வகையில் அது 42 டிகிரியை ஒட்டியே திறக்கும். கூலன்ட் சுற்றும் வகையில் 70 டிகிரிக்கு மேல். ஒன்றுக்குரியதை மற்றதில் போட்டுவிட்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கூலன்ட் வகையில், மட்டம் குறைந்திருக்கிறதா, வெப்பமாற்றியின் குழாய்கள் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால், அல்லது எஞ்சின் ஓடும்போது கூலன்ட் தொட்டியில் குமிழி விடாமல் வந்தால், மெக்கானிக் வரும் வரை சாவியைத் தொடாதீர்கள்.

## அறிகுறி 3: எஞ்சின் எடுக்கவில்லை, அல்லது எடுத்துவிட்டு நின்றுவிடுகிறது

எதையும் செய்யும் முன் ஒரு எச்சரிக்கை. எஞ்சின் எடுக்காமல் ஸ்டார்ட்டரை மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றினால், பம்ப் கடல் நீரை மஃப்ளருக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியே தள்ளப் புகை இல்லாததால் அது நிரம்பி, எக்ஸாஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். இரண்டு முறை சுற்றியும் எடுக்கவில்லையா? கடல்நீர் வால்வை மூடிவிட்டு மேலே தொடருங்கள். எடுத்த அடுத்த நொடியே திறந்துவிடுங்கள்.

### சுற்றவே இல்லை, அல்லது "டக்" என்று ஒரு சத்தம் மட்டும்

மல்டிமீட்டரை பேட்டரி முனையில் வையுங்கள். சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட் நிறைவு, 12.2 பாதி. ஸ்டார்ட் செய்யும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி. பேட்டரியில் வோல்ட் இருந்தும் ஸ்டார்ட்டரில் இல்லையென்றால் நடுவே ஏதோ ஒரு இணைப்பு. எர்த் வயர் எஞ்சினில் பிடிக்கும் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டுங்கள். பிறகு, டேஷ்போர்டிலிருந்து எஞ்சினுக்கு வரும் வயர்க் கட்டின் நடுவே ஒரு பிளக் இருக்கும். அதைப் பிரித்தால் பச்சைக் களிம்பு. அதுதான் குற்றவாளி என்று பல படகில் பார்த்தாயிற்று.

### நன்றாகச் சுற்றுகிறது, எடுக்கவில்லை

எஞ்சினை நிறுத்த இழுக்கும் கேபிளை உள்ளே தள்ளினீர்களா? சிரிக்காதீர்கள், இதற்காக நடுராத்திரி ஃபோன் வந்திருக்கிறது.

எக்ஸாஸ்டில் புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. பற்றாததற்குக் காற்று வடிகட்டி அடைப்பும் காரணமாகலாம், எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதும் காரணமாகலாம். இரண்டும் இல்லையென்றால் கம்ப்ரஷன், அது மெக்கானிக் வேலை. டீசல் போகவில்லையென்றால் அதன் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். தொட்டிப் பக்க ஃபில்டர், எஞ்சின் மேல் ஃபில்டர், இன்ஜெக்‌ஷன் பம்ப், கடைசியாக இன்ஜெக்டர் நட்டுகள். இந்த வரிசையில் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி இல்லாத டீசல் வந்ததும் முடுக்குங்கள். கைப்பம்பின் நெம்புகோல் தொளதொளவென்று இருந்தால் பம்ப் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். உள்ளே கேம் தூக்கிய நிலையில் நிற்கிறது. எஞ்சினைக் கையால் ஒரு சுற்று திருப்பினால் நெம்புகோலுக்கு உயிர் வந்துவிடும்.

### இருபது நிமிடம் ஓடி நிற்கிறது, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது

இதுதான் ஆளைக் குழப்புவது. துறைமுகத்தில் அமைதியாக ஓடும், வெளியே அலை ஆட்டியதும் நிற்கும். தொட்டிக்குள் அடியில் தண்ணீரும் கறுத்த பாசியும் கிடக்கின்றன, ஆட்டத்தில் கலங்கி மேலே வருகின்றன. ஃபில்டர் கிண்ணத்து டீசலை ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும், நடுவே கறுப்பாகச் சளி போல மிதந்தால் டீசல் பாசி.

ஃபில்டரை மாற்றியும் அதே கதை என்றால், தொட்டிக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயை வெளியே எடுங்கள். பழைய படகுகளில் அதன் முனையில் ஒரு சிறு சல்லடை இருக்கும். அதில் பாசி போர்வை போல ஒட்டுகிறது, எஞ்சின் நின்றதும் விழுந்துவிடுகிறது. அதனால்தான் ஓய்வு கொடுத்தால் ஓடுகிறது. அந்தச் சல்லடையை வெட்டி எறிந்துவிடலாம். வடிகட்டுவது ஃபில்டரின் வேலை.

லங்காவியில் 2020 முதல் பெட்ரோல் பங்க்குகளில் பி20, அதாவது 20 சதவீதம் பாமாயில் பயோடீசல் கலந்த டீசல் கிடைக்கிறது. பயோடீசல் ஈரத்தை அதிகம் இழுக்கும், பழைய தொட்டியின் கசடைக் கிளப்பிவிடும், பழைய ரப்பர் ஹோஸை ஊற வைக்கும். நாள்கணக்கில் கிடக்கப்போகும் படகுக்கு இது கவலைதான். தொட்டியை நிறைத்து வையுங்கள், காலி இடத்தில்தான் ஈரம் வியர்க்கும். பாசி மருந்தும் போடுங்கள். நாற்பது வருட ஹோஸை மாற்றிவிடுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: சிலிண்டருக்குள் கடல் நீர் போய் எஞ்சின் கல்லாக நின்றுவிட்டால், அன்றைக்கே ஆள் வர வேண்டும். நாளைக்கு என்றால் துரு முந்திக்கொள்ளும். இன்ஜெக்‌ஷன் பம்பின் உள்வேலையும் அதற்குரிய பட்டறைக்குத்தான்.

## அறிகுறி 4: மழை பெய்தால் உள்ளே சொட்டுகிறது, டெக்கில் கால் அமுங்குகிறது

சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பாதீர்கள். டெக் என்பது இரண்டு ஃபைபர்கிளாஸ் தகட்டுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ வைத்த பிஸ்கட். தண்ணீர் ஒரு போல்ட் துளையில் நுழைந்து, நடுவிலேயே நடந்து, இரண்டு மீட்டர் தள்ளிப் படுக்கையில் சொட்டும்.

கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே ஹோஸோடு. தாழ்வான இடத்தில் தொடங்கி, ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, மெல்ல மேலே போங்கள். அவசரப்பட்டு மேலிருந்து ஊற்றினால் எல்லா ஓட்டையும் ஒன்றாக ஒழுகும், ஒன்றும் தெரியாது.

எந்தப் பொருத்தி (டெக்கில் போல்ட்டால் மாட்டிய சாமான்) சொட்டுகிறது என்று கண்டுபிடித்த பிறகு, ஓரத்தில் சிலிக்கானை அப்பாதீர்கள். அது ஒரு வருடம் தாங்கும், அதன் பிறகு அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. பொருத்தியை முழுதாகக் கழற்றுங்கள். துளையைப் பெரிதாகக் குடைந்து, ஈர மரத்தைக் கிளறி எடுத்து, காய்ந்த பிறகு கெட்டியான எபாக்சியால் நிரப்பி, அது இறுகியதும் அதன் நடுவே புதுத் துளை போடுங்கள். பியூட்டைல் டேப் என்கிற பிசினான ரப்பர் பட்டையைச் சுற்றிப் போல்ட்டை முடுக்குங்கள். இனி அந்தச் சீல் கசிந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது.

மரம் எவ்வளவு தூரம் அழுகியிருக்கிறது என்று அறிய, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் "டொக், டொக்" என்று தெளிவாகப் பேசும். அழுகிய இடத்தில் சத்தம் "தொப்" என்று செத்து விழும். எல்லையைப் பென்சிலால் வரையுங்கள். பழுக்காத பலாவைத் தட்டிப் பழகிய காதுக்கு இது அரை மணி நேரத்தில் வசப்படும். உள்ளங்கை அளவு என்றால் நீங்களே திறந்து புது மரம் வைத்து மூடலாம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: பாய்மரத்தின் அடியிலோ, தாங்குகம்பிகளைப் பிடிக்கும் செயின்பிளேட் டெக்கைத் துளைக்கும் இடத்திலோ அமுங்கினால் தாமதிக்காதீர்கள். துருவேறாத எஃகும், காற்றுப் படாமல் ஈரத்தில் புதைந்திருந்தால் அரிக்கும். வெளியே பளபளப்பாகத் தெரியும் தகடு டெக்குக்குள் பாதியாகத் தேய்ந்திருக்கலாம்.

## அறிகுறி 5: காலையில் பேட்டரி காலி

எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள், மெயின் ஸ்விட்ச் மட்டும் இருக்கட்டும். மைனஸ் வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டினால் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது விழுகிறதோ அந்தப் பாதையில் கசிவு. பெரும்பாலும் பில்ஜ் பம்பின் மிதவை ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும், அப்படியானால் அறிகுறி 1 க்குத் திரும்புங்கள். குளிர்பெட்டி 5 ஆம்ப் இழுத்துப் பாதி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 60 ஆம்ப்-மணி போய்விடும். வெயில் ஊரில் பாதி நேரத்தோடு அது நிற்பதும் இல்லை.

கசிவு இல்லையென்றால், எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டுக்கு மேல் வருகிறதா? வராவிட்டால் பெல்ட், பிறகு ஆல்டர்னேட்டர். வந்தும், முழுதாகச் சார்ஜ் ஏற்றி 12 மணி நேரம் கழித்து 12.4 க்குக் கீழே நின்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது.

கரை மின்சாரத்தில் கட்டிய பிறகு, மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தாமே அரிபடும்படி அடியில் மாட்டிய துத்தநாகக் கட்டிகள் மூன்றே மாதத்தில் கரைந்தால், எர்த் வயர் வழியாக உங்கள் துத்தநாகம் பக்கத்துப் படகையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி வைத்துப் பாருங்கள். கரைவது குறைந்தால், எர்த் வயரில் அந்தச் சிறு மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் வேண்டும். அதைப் பொருத்துவதும், 230 வோல்ட் சம்பந்தப்பட்ட எதுவானாலும், எலக்ட்ரீஷியனுக்கு. அதில் நான் கை வைப்பதில்லை.

## அறிகுறி 6: கரையேற்றினால் அடியில் கொப்புளங்கள்

அந்தக் காலத்து ஃபைபர்கிளாஸ் படகுகளில் இது சகஜம். பயந்து விற்றுவிடாதீர்கள். ஒன்றைக் குத்திப் பாருங்கள். வினிகர் நாற்றத்தோடு பிசுபிசுப்பான நீர் வந்தால் ஆஸ்மோசிஸ் (ஃபைபர்கிளாஸுக்குள்ளேயே நீர் ஊறியிருக்கிறது), வெறும் தண்ணீர் வந்தால் பெயின்ட் பழுது. இருபது முப்பது கொப்புளம் என்றால் தேய்த்துத் திறந்து, நல்ல தண்ணீரால் கழுவி, வாரக்கணக்கில் காய விட்டு எபாக்சி நிரப்புங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை லங்காவியில் மழை குறைவு, அதுதான் அதற்கான காலம். அடிப்பாகம் முழுக்க அம்மை போட்டது போல இருந்தாலோ, தட்டும்போது அடுக்குகள் பிரிந்த சத்தம் கேட்டாலோ சர்வேயர்.

## அறிகுறி 7: தாங்குகம்பியில் துருக் கறை, ஒடிந்த இழை

மேலோட்டமான பழுப்புக் கறை என்றால் முதலில் துடையுங்கள். உப்பின் வேலையாகவே இருக்கலாம். துடைத்த இடத்திலேயே ஒரு மாதத்தில் திரும்பி வந்தால் உள்ளிருந்து வருகிறது.

டிஷ்யூ பேப்பரைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து, கீழிருந்து மேலே உருவுங்கள். கையால் உருவாதீர்கள், ஒடிந்த இழை தூண்டில் முள் போலக் கிழிக்கும். பேப்பர் சிக்கினால் இழை போயிருக்கிறது. அடுத்து, கம்பி எஃகுக் குழாய்க்குள் நசுக்கிப் பொருத்தப்பட்ட கீழ்முனைகள். மழைநீர் கம்பி வழியே இறங்கி அங்கேதான் தேங்கும், அதனால் மேல்முனையைவிட இவைதான் முதலில் வெடிக்கும். உப்பைக் கழுவி, கைக்கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்து எல்லாப் பக்கமும் பாருங்கள். மயிரிழை போல நீளவாக்கில் ஒரு கோடு தெரிந்தால் போதும். பல காப்பீட்டு நிறுவனங்கள் பத்து வருடத்துக்கு மேற்பட்ட கம்பிகளை மாற்றச் சொல்வது இதனால்தான். வாங்கும் படகில் கம்பியின் வயது யாருக்கும் தெரியவில்லையென்றால் மாற்ற வேண்டிய வயது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு இழை ஒடிந்திருந்தாலும், ஒரு கோடு தெரிந்தாலும் அந்தக் கம்பியோடு பாய் விரிக்கக் கூடாது. கடலில் இருக்கும்போது பார்த்தீர்கள் என்றால், அந்தக் கம்பி காற்றுக்கு மறுபக்கம் வரும்படி உடனே படகைத் திருப்புங்கள். பாயை இறக்குங்கள். சும்மா இருக்கும் பாய் ஏற்றும் கயிறு ஒன்றை எடுத்து, அந்தக் கம்பி பிடித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உறுதியான பிடியில் கட்டி இறுக்குங்கள். எஞ்சினில் மெதுவாகக் கரைக்கு வாருங்கள். படகைக் கட்டிய பிறகு, பாய்மரம், கம்பி வேலை பார்க்கும் ரிக்கரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து பார்க்கும் வரை அந்தப் பாய்மரத்தில் யாரையும் ஏற்றாதீர்கள்.